ஆறாவது பூச்சு

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு சைக்கிளை நிறுத்திவிட்டு எங்கள் குடிசையை ஏற இறங்கப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கட்டுமே! புதுக் கீற்று, புது மூங்கில், முந்தாநாள்தான் சுண்ணாம்பு அடித்த சுவர். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட எங்கள் தெருவில் யாரும் இப்படிச் செய்ததில்லை. சர்க்கார் ஆள் வீடு தேடி வந்து மனைக்குப் பட்டா எழுதப்போகிறார் என்றால் சும்மாவா? தெரு முழுக்கவே அந்த வாரம் கூரை மாற்றியிருந்தது. அவர் நோட்டைத் திறந்து, "இது எப்பம்மா கட்டுனது?" என்றார்.

"போன வாரந்தாங்க!" என்று சொல்லிப் பல்லைக் காட்டினேன். என் வாயில் மண்ணைப் போட.

பக்கத்தில் குடை பிடித்து நின்ற பண்ணைக் காரியஸ்தர் அமிர்தலிங்கம் துள்ளிக் குதிக்காத குறைதான். "கேட்டுக்கிட்டீங்களா சார்? போன வாரம் போட்ட கொட்டா. நான் சொன்னா பொய்யும்பாங்க, இவளே சொல்லிட்டா."

விஷயம் இதுதான். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழும் கூலிக்காரருக்கு அந்த மனை அவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. சங்கக் கூட்டத்தில் கேட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். ஆனால் போன ஆனி மாதத்துக்கு முன்பே அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று சொன்னார்களே, அது எங்கள் காதில் ஏறவே இல்லை. சந்தோஷம் காதை அடைத்துவிட்டது. அழகு பார்த்து அழகு பார்த்து, பழைய குடிசையைப் புதுக் குடிசை ஆக்கி வைத்திருந்தோம்.

"ரேஷன் கார்டு இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர். என் வீட்டுக்காரர் மருதையன் எடுத்துக் கொடுத்தார். அதில் தெருப் பெயர்தான் இருந்தது. எந்தக் குடிசை என்று இல்லை. அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல ஓடி வந்தார்கள். "எல்லாம் ஒரே சங்கத்து ஆளுங்க சார்" என்று அமிர்தலிங்கம் அவர்கள் வாயை அடைத்தார். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைப் போட்டார். பட்டா இல்லை என்றால் அறுப்பு முடிந்த மறுநாளே எங்களைக் கிளப்பிவிடுவார்கள். இரண்டு வருஷம் முன்பு, அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டதற்காக, எதிர்வீட்டு அம்சத்தின் சட்டிபானை ஒரு நாள் முழுக்க ரோட்டில் கிடந்தது. நடவுக்கு ஆள் வேண்டியிருந்ததால்தான் திரும்ப உள்ளே விட்டார்கள்.

"சார், தரைய நாங்க மாத்தலிங்க!" என்று கத்தினேன்.

"தரையா?"

"மேல இருக்கறதெல்லாம் புதுசு. தரை பழசுங்க. வருசா வருசம் தை பொறக்கறதுக்கு மின்னாடி மண்ணு கொழச்சு கனமாப் பூசுவோம். ஒரு வருசம் வாய்க்கா களி, ஒரு வருசம் கொளத்து வண்டல். வெட்டிப் பாத்தா வரி வரியாத் தெரியும். நீங்களே எண்ணிக்கிடுங்க."

அமிர்தலிங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மண்ண எண்ணிப் பட்டா குடுக்கணுமாம்! பத்து பூச்ச ஒரே வாரத்துல பூச முடியாதா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவ்வளவு பேர் முன்னால் போட்டு உடைத்தேன். "போன வாரம் பூசுனதோட சேத்து மேலேருந்து ஆறாவது பூச்சு, நான் வாழ்க்கப்பட்டு வந்து பூசுன மொதப் பூச்சு. அடுப்புக்கு எடப்பக்கம் ஒரு சாண் தள்ளி என் வளையல் துண்டு கெடக்கு. அரக்குக் கலரு. வெட்டுங்க!"

"வளையலா? எந்த வளையலு?" என்றார் மருதையன்.

கல்யாணம் ஆகி நாலு மாதம்கூட ஆகவில்லை. மண் பூசும்போது கை அடுப்பில் இடித்துக் கல்யாண வளையல் ஒன்று உடைந்தது. புதுப்பெண் வளையல் உடைந்தால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். பயத்தில் துண்டை ஈரமண்ணுக்குள் அழுத்தி மேலே பூசிவிட்டேன். அவருக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் அந்த மூலையைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்பைக் கழற்றினார். அமிர்தலிங்கம் வெளியிலேயே நின்றார். மருதையன் தன் கையால் ஒரு சாண் அளந்து, கடப்பாரையால் தரையைப் பெயர்த்து, களைக்கொட்டால் பக்கவாட்டைச் சீவினார். கருப்பு, பழுப்பு, மறுபடி கருப்பு, சாம்பல் என்று வரி விழுந்தது. நடுநடுவே வாராவாரம் மெழுகின சாணம் நூல்போல ஓடியது. இன்ஸ்பெக்டர் குத்துக்காலிட்டுப் பேனா முனையால் எண்ணினார். "மூணு... நாலு... அஞ்சு... இது ஆறு." ஆறில் ஒன்றுமில்லை.

"ஆச்சா?" என்று வாசலிலிருந்து அமிர்தலிங்கத்தின் குரல் வந்தது.

"சாண்னா என் சாணு!" என்று மருதையனிடமிருந்து களைக்கொட்டைப் பிடுங்கினேன். கையை விரித்து வைத்து அளந்து, அந்த இடத்தில் மெல்லச் சுரண்டினேன். மண் உதிர்ந்தது. சிவப்பாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது.

நான் போட்ட சத்தத்தில் பின்பக்கம் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

இன்ஸ்பெக்டர் துண்டை எடுக்காமல் அப்படியே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நோட்டை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். "பாத்தத எழுதுறேம்மா. முடிவு தாசில்தார் கையில. அதுவரைக்கும் இந்தக் குழிய மூடிடாதீங்க."

"சத்தியமா மூட மாட்டங்க!"

அதற்குள் விஷயம் தெருக்கோடி வரை போய்விட்டது. எதிர்வீட்டில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில், அதற்கும் அடுத்த வீட்டில் என்று தொம் தொம்மென்று தெருவே அதிர்ந்தது. அம்சம் தலைவிரிகோலமாக ஓடி வந்து, "சார், எங்க வீட்டுல பதினாலு! இன்னும் கீழ போவுது, வாங்க சார்!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. அமிர்தலிங்கம் குடையை மடக்கியும் விரித்தும் தெரு நடுவே நின்றார்.

நான் உள்ளே திரும்பினேன். "அடிப்பாவி, ஒரு வார்த்த சொல்லலியே" என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மருதையன் என்னைப் பார்க்கவே இல்லை. குப்புறப் படுத்து, குழிக்குள் தலையை விட்டு, விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தார்.

"காளி, அந்த வெளக்கக் கொண்டா" என்றார். "இருவத்தேழு, இருவத்தெட்டுல நான் பொறந்த வருசம் வரும்."

விளக்கைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். அவர் களைக்கொட்டை எடுத்து இன்னும் கீழே தோண்ட ஆரம்பித்தார்.