ஓடு உடைக்காத புன்னை

கிரீஷ் அந்த நான்கு புன்னைக் காய்களையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தபோது அவன் மனைவி வர்ஷினி ஏழு மாதக் கர்ப்பிணி. அபிராமபுரத்தில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் நிழல் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே மரமும் முந்தைய வருஷப் புயலில் சாய்ந்துவிட்டது. குழந்தை நடக்க ஆரம்பிப்பதற்குள் வாசலில் ஒரு மரத்தை வளர்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கொத்துமல்லிக் கட்டுக்கும் கீரைக் கட்டுக்கும் வித்தியாசம் தெரியாத வங்கி அதிகாரிக்குத் திடீரென்று வந்த ஞானம் அது.

போனில் நாலைந்து வீடியோ பார்த்தான். ஓட்டை லேசாகத் தட்டி விரிசல் விழவைத்து ஊன்றினால் மூன்று வாரத்தில் முளைக்கும், அப்படியே ஊன்றினால் மாதக் கணக்காகும் என்றார்கள். சுத்தியலோடு பால்கனியில் உட்கார்ந்தவனை அவன் அம்மா சுப்புலக்ஷ்மி பார்த்துவிட்டார்.

"டேய், கீழ வை அதை. புள்ளைத்தாச்சி ஆத்துல இருக்கறச்சே ஆம்படையான் எதையும் உடைக்கப்படாது. வெள்ளிக்கிழமைத் தேங்காயையே எதிராத்து மாமா கையால உடைச்சிண்டு வரேன் நான்."

"இது தேங்காய் இல்லம்மா, புன்னை."

"ஓடு ஓடுதான்."

அந்தப் பட்டியல் நீளமானது. உடைக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, மலை ஏறக் கூடாது, மயானத்துக்குப் போகக் கூடாது. கிரீஷ் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டான். முடிகூட வெட்டிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் சாமி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். காய்கள் ஓட்டோடு பழைய பெயின்ட் பக்கெட்டுக்குள் போயின.

புரட்டாசியில் ஒரு நாள் காலை வயிற்றில் அசைவே இல்லை. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி, மயக்க ஊசி, ஆபரேஷன். அவள் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் இல்லை. மயானத்துக்குப் போகக் கூடாது என்று ஏழு மாதம் கட்டிக் காத்த கிரீஷ்தான் குழந்தையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தான். தலை ஈரமாக இருந்தது. ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஃபைலில் எழுதியிருக்கும், ஃபைல் பீரோவில் இருந்தது.

அதற்குப் பிறகு வர்ஷினிக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகை வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும்தான். பால் கட்டிக்கொண்டு வலித்தது, மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்று அவளைக் கேட்காமலே முடிவாகியிருந்தது. பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினாள். ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்தினாள், பேப்பர் திருத்தினாள். சாயங்காலம் துணி எடுக்கப் பால்கனிக்குப் போகும்போது பக்கெட்டுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாள். அக்கறை என்று சொல்ல முடியாது. பக்கெட் அங்கே இருந்தது, ஊற்றினாள், அவ்வளவுதான்.

கார்த்திகையில் நான்கில் ஒன்று முளைத்தது. சிவந்த தண்டு, உச்சியில் இரண்டு இலைகள்.

"பாத்தியா!" என்று சுப்புலக்ஷ்மி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போனது திரும்பி வரும்னு பகவான் சொல்றார்டிம்மா."

வர்ஷினி இலைகளைப் பார்த்தாள். உடைத்திருந்தால் மூன்று வாரம், உடைக்காததால் மூன்று மாதம். இதில் பகவான் எங்கே வந்தார்? உடைத்திருந்தால் இது முளைத்த அன்று உள்ளே குழந்தை உதைத்துக்கொண்டிருந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டபோதும் மனசு மரக்கட்டையாகத்தான் இருந்தது. தன்னை நினைத்தே அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

செடி மெதுவாகத்தான் வளர்ந்தது. அடுத்த ஆவணியில் முழங்கால் உயரம். அதற்குள் ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் கணேசமூர்த்தி, வாசலில் குழி தயார் என்றார். சுப்புலக்ஷ்மிக்கு அதைக் கோயில் நந்தவனத்துக்குக் கொடுக்க வேண்டும். வர்ஷினி இரண்டுக்கும் தலையசைக்கவில்லை.

புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டிருந்த கிரீஷிடம் கேட்டாள்.

"எங்க வெச்சே?"

எதை என்று அவன் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான். "இப்போ எதுக்கு அதெல்லாம்?"

"செடியை அங்க நடணும். அதுக்குத் திதி கிடையாது, படம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அங்க போய் நின்னாலாவது எனக்கு ஏதாவது தோணுமான்னு பாக்கணும். தோணலைன்னா நான் இப்படியேதான் இருப்பேன் போல இருக்கு."

"பொம்மனாட்டிகள் அங்கெல்லாம் போறதாவது!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கிரீஷ் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்தது அந்த மயானம். பக்கெட்டை மடியில் இடுக்கிக்கொண்டு வந்ததில் அவள் புடவையெல்லாம் மண். கேட்டுக்குள் நுழைந்ததும் லுங்கி கட்டிய ஒருவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு எதிரே வந்தார்.

"இன்னா சார், போன மாசம் ஆளையே காணோம்?"

வர்ஷினி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "கபாலி. இங்க பாத்துக்கறவர்," என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சிநேகிதன் வீடு, சிநேகிதன் வீடு என்று இவன் போய்க்கொண்டிருந்தது எங்கே என்று அவளுக்கு அப்போது புரிந்தது. ஒரு வருஷமாக ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

கபாலி முன்னால் நடந்தார். குழந்தைகளுக்கான இடம் கோடியில் இருந்தது. சின்னச் சின்ன மேடுகள், ஒன்றிரண்டில் காய்ந்த பூ. ஒரு செங்கல்லைக் காட்டி, "இதான் மேடம்," என்றார். வர்ஷினி நின்றாள். காத்திருந்தாள். வெயில் சுட்டது. எதுவும் தோன்றவில்லை.

"இங்க நடலாமா?" என்று கேட்டாள்.

"நடுவுல வோணாம் மேடம். இது பெரிய மரமாப் போவும், வேரு எல்லாத்தையும் கெளப்பிடும். இன்னும் புள்ளைங்க வந்துக்கினு கீது. அதோ, செவுரு ஓரமா வை. வர்றவங்களுக்கு நெழலு. அலமேலுக்கும் சாய்ங்காலத்துல இங்க வரைக்கும் நெழலு வந்துரும்."

"அலமேலு யாரு?"

கபாலி கிரீஷைப் பார்த்தார். "இன்னா சார், அம்மாவுக்குச் சொல்லலியா?" என்றுவிட்டு, கடப்பாரை எடுக்கப் போகிற சாக்கில் நழுவினார்.

கிரீஷ் செங்கல்மேல் கிடந்த சருகைத் தள்ளினான். "பேர் சொல்லாம மண்ணு போட மாட்டேன்னுட்டார். அவர் வழக்கமாம். உன்னைக் கேக்க முடியலை, நீ மயக்கத்துல இருந்தே. மழை வேற. வாயில வந்ததைச் சொன்னேன்."

பெண். அவளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஒரு வருஷமாக அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அந்தப் பெயர் மயானத்துக் கபாலிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வர்ஷினிக்குக் கோபம் வந்தது. அடிவயிற்றில் தையல் போட்ட இடத்திலிருந்து கிளம்பி, காது வரைக்கும் சூடாக வந்தது.

"அலமேலுவா? யாராவது இந்தக் காலத்துல அலமேலுன்னு வெப்பாளா, கிரீஷ்? ஸ்கூல்ல எல்லாரும் அவளைக் கிண்டல் பண்ண மாட்டாளா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

"பண்ணுவாதான்," என்றான் கிரீஷ். "ஆத்துல அம்முன்னு கூப்டுக்கலாம்னு இருந்தேன்."

வர்ஷினி பக்கெட்டை மண்ணில் வைத்துவிட்டு, செங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.