அண்ணனின் பன்னிரண்டு பொம்மைகள்

அப்பாவைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பிவிட்டு வந்த மறுநாள், அண்ணன் ஊருக்குத் திரும்பத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டான்.

"பாப்பா, என் பொம்மைப் பெட்டி பரண்ல பத்திரமா இருக்கில்ல?"

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. அவன் வாயில் இன்னும் பாப்பாதான். "இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டாள். யோசிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன். இப்ப அதுக்கெல்லாம் மவுசு ஏறிக் கிடக்கு."

பெட்டி பரணில்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஒரு விண்வெளிப் படம் வந்து சக்கைப்போடு போட்டது. அதற்கு அடுத்த பாகம், அதற்கும் அடுத்த பாகம் என்று வரிசையாக வந்தன. படத்தில் வருகிறவர்களை விரல் நீளப் பொம்மைகளாகச் செய்து அட்டையில் ஒட்டி விற்றார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும்போதெல்லாம் அப்பா அண்ணனுக்கு ஒன்று வாங்கித் தருவார். தளபதி, விமானி, பச்சை முக ராணி, மூன்று கை ரோபோ என்று பன்னிரண்டு சேர்ந்தது. தங்கை தொட்டால் முதுகில் விழும். வேலை கிடைத்து வெளியூர் போனபோதுகூடப் பெட்டியின் மேல் 'யாரும் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனான்.

இருபத்தைந்து வருடம் யாரும் தொடவில்லை. பிறகு அப்பாவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது.

தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். வீட்டில் அதட்ட ஆள் கிடைக்காமல் தவித்தார். வேலைக்குப் போகிறேன் என்று விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். இரண்டு முறை பக்கத்துத் தெரு மளிகைக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அவரைக் கட்டிலில் உட்கார வைக்க வழி தெரியாமல் ஒரு நாள் தங்கை பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினாள். விழுங்கிவிடுவாரோ என்று பயந்து, ஒன்பது பொம்மைகளின் கையிலிருந்த நகத்தளவு துப்பாக்கிகளை மட்டும் உருவி மூக்குக்கண்ணாடி உறை ஒன்றில் போட்டு வைத்தாள்.

அன்றிலிருந்து வீடு அமைதியானது. அப்பா பன்னிரண்டு பேரையும் போர்வையின் மேல் வரிசையாக நிறுத்தி வருகைப் பதிவு எடுப்பார். ரோபோவைப் பார்த்து, "மூணு கை வச்சிருக்க, ஒரு கை வேலைகூட நடக்கலையே?" என்று காய்ச்சுவார். விமானியை மட்டும் திட்டமாட்டார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

"என் பையன். நேத்துதான் வந்தான். லீவு போட்டுட்டு வந்திருக்கான்."

இரண்டு வருடத்தில் அண்ணன் ஒரு முறையும் வரவில்லை. தொலைபேசியில், "அப்பா எப்படி இருக்கார்?" என்பான். "அப்படியேதான்" என்பாள். பேச்சு முடிந்துவிடும். கடைசி மாதங்களில் அப்பாவுக்குப் பசியும் தெரியவில்லை, பொம்மையும் தெரியவில்லை. எதையும் வாயில் வைத்துக் கடித்தார். கை போனது, தலை போனது.

இதை அண்ணன் பெட்டியைக் கேட்ட அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பொய் சொல்லியாயிற்று, இனி அதைக் காப்பாற்ற வேண்டும்.

வழியும் தானாக வந்தது. முதல் படம் வந்து நாற்பது வருடம் ஆனதைக் கொண்டாட, அதே நிறுவனம் அதே அச்சில் அதே அட்டையில் பழைய பொம்மைகளை மறுபடி வெளியிட்டது. வேலைக்குப் போகும் வழியில் ஒரு பேரங்காடியில் தளபதி தொங்குவதைப் பார்த்து அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஒரே நேரத்தில் எல்லாம் வரவில்லை. மாதத்துக்கு ஒன்று, இரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கடையாக ஏறி இறங்கினாள். தலை நரைத்த ஆண்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அட்டையின் முனை மடங்கியிருந்தால் மூஞ்சியைச் சுளிப்பார்கள். "பேரனுக்காம்மா?" என்று ஒருவர் கேட்டார். "அண்ணனுக்கு" என்றாள். அவர் அதைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். ராணி கிடைக்க மூன்று மாதம் ஆனது. ரோபோவுக்காக இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தாள்.

அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது தொழில். மயிரிழைக் கணக்கு கைக்கு வரும். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, பொம்மைகளின் பாதத்தில் பொறித்திருந்த புது வெளியீட்டு வருடத்தைத் தேய்த்து எடுத்தாள். மூக்கு நுனி, முழங்கால், தோள் என்று விளையாடித் தேயும் இடங்களில் சாயத்தை மங்கவைத்தாள். ராணியின் கன்னத்தில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட்டது.

அண்ணன் வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். கண் கலங்கினான். அப்பாவின் படத்துக்கு முன்னால் கலங்காத கண். "அடையாளமே தேஞ்சு போச்சு பாரு. அவ்வளவு விளையாடியிருக்கேன்" என்றான். துப்பாக்கிகள் எப்போதோ தொலைந்திருக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

பத்து நாளில் ஒரு வீடியோ அனுப்பினான். அவனைப் போன்ற சேகரிப்பாளர்கள் குழுவுக்காக எடுத்தது. விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். ராணியைக் கையில் எடுத்துக் கன்னத்தைக் காட்டினான். "இது எனக்கு எட்டு வயசுல என் தங்கச்சி தூக்கிப் போட்டு விழுந்த வடு. அன்னிக்கு முழுக்க அழுதேன்."

தங்கை அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

குழுவில் ஒருவர் கேட்டாராம்: ரோபோவின் மூன்றாவது கை ஆணி பழசில் இரும்பு, புதுசில் பிளாஸ்டிக், காந்தம் வைத்துப் பார்த்தீர்களா? அண்ணன் வைத்தான். ஒட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்து நின்றான். அப்பா செத்தபோது வந்ததைவிட வேகமாக.

"எவன்கிட்ட வித்த?"

"விக்கலண்ணா."

"நாலு பேர் முன்னாடி என் மூஞ்சில கரியைப் பூசிட்ட. அசலை எங்க வச்சிருக்க, சொல்லு!"

அவள் அலமாரியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து அப்பாவின் கட்டிலில் கவிழ்த்தாள். கையில்லாதது, காலில்லாதது, தலை நசுங்கியது. எல்லாவற்றையும் சொன்னாள். தெருவில் இறங்கி நடந்தது, வருகைப் பதிவு, சட்டைப் பை எல்லாம். விமானியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். முகம் இருந்த இடத்தில் பல் தடம்.

"இவனைத்தான் நீன்னு நெனச்சுட்டு இருந்தார்."

அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நொடி ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் நம்பினாள்.

"அவருக்கு வேற பொம்மை வாங்கிக் குடுத்திருக்கலாமே பாப்பா. இதையா எடுத்துக் குடுக்கணும்?"

"வேற பையனையும் வாங்கிக் குடுத்திருக்கலாம். கடையில கிடைக்கல."

அவன் முகம் கறுத்தது. விமானியைக் கட்டிலில் வைத்துவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

"துப்பாக்கிங்க எங்க? அதையும் கடிச்சுட்டாரா?"

"இல்ல. முன்னாடியே தனியா எடுத்து வச்சேன்."

"எடு. அசல் துப்பாக்கி தனியாவே விலை போகும்."

கண்ணாடி உறையைக் கொண்டு வந்து கொடுத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்பது துப்பாக்கிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "உடைஞ்சதெல்லாம் நீயே வச்சுக்க" என்றான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு அவள் அங்கேயே நின்றாள். எட்டு மாதம். எத்தனை ஞாயிறு, எத்தனை மதியச் சாப்பாடு. அவன் திட்டினால் உறவு அறுந்துவிடுமே என்றுதான் அத்தனையும். அறுந்துபோக அதில் என்ன மிச்சம் இருந்தது என்று ஒரு நாளாவது யோசித்தாளா? அண்ணன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அதிகம் எரிந்தது.

அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. வீட்டை விற்பது பற்றி வக்கீல் மூலமாக ஒரு கடிதம் வந்தது. அதில் அவளுடைய முழுப் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தான்.