அணைத்து வைத்த அடுப்பு

குளிர்காலத்தில் ஹியூவான் ஆற்றில் படகுகளை நங்கூரமிட்டு அதிலேயே குடியிருக்கும் எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விடிந்ததும் பக்கத்துப் பாய்மரப் படகின் அடுப்புக் குழாயில் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் துடுப்புப் போட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.

கிளெம்மின் படகில் புகை வராத நாளே கிடையாது. நோயில் கிடந்த மனைவி நோரீனுக்காக அந்த மனுஷன் இரவும் பகலும் அடுப்பில் விறகு தள்ளினான். கரியெல்லாம் என் படகில் காயும் துணியில்தான் விழும். நானும் வாய் ஓயாமல் திட்டுவேன். அன்று காலை புகை இல்லை. துடுப்பை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், படகறைக்குள் இறங்கும் மேல்கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே நோரீன் கழுத்துவரை கம்பளி போர்த்திக் கிடந்தாள். எதிரே கிளெம், கோட்டுகூடப் போடாமல், உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான்.

“விடியக்காலம் போய்ட்டா, ஐவி.”

அழுதேன். இந்த ஆற்றில் எனக்கென்று இருந்த ஒரே தோழி அவள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

“அடுப்ப ஏன்யா அணைச்ச? நீயும் கூடவே போகப் பாக்குறியா?”

“ட்ரூடி பிரிஸ்பேன்லேர்ந்து கிளம்பிட்டா. தான் வர்ற வரைக்கும் அம்மாவ யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதாம். சூடு பட்டா முகம் மாறிடும்ல? டாக்டரும் போன்ல அதான் சொன்னாரு.”

“சரி, என் படகுக்கு வா. சூடா ஒரு வாய் டீ குடி.”

“இவள தனியா விட்டுட்டா வர்றது?”

“பிடிவாதத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல, கிழவா.”

என் கோட்டை அவன் தோளில் போட்டேன். வெந்நீர்ப் பை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். பழக்க தோஷத்தில் அதை நோரீனின் காலடியில் செருகப் போனான். கை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பையை ஓரமாக வைத்தவன், பிறகு அதைத் தொடவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் மகள் ட்ரூடியைக் கரையிலிருந்து ஏற்றி வந்தேன். ஓடிப்போய் அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டவள், விருட்டென்று திரும்பினாள்.

“என்னப்பா இது, அம்மா ஐஸா கிடக்குறா! அவளுக்குக் குளிரே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? ஒரு அடுப்பப் பத்த வைக்கக்கூடவா முடியல?”

நான் வாயைத் திறந்தேன். கிளெம் கையமர்த்தினான்.

“தப்புதாம்மா” என்றான். தீப்பெட்டியைத் தேடினான்.