தூக்கத்தை ரிப்பேர் செய்தவன்

பகலில் என் மனைவிக்கு ஒரே ஒரு தூக்கம்தான் உண்டு. ராத்திரித் தூக்கத்தைப் பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியிலேயே குடையை மறந்துவிட்டு வருகிற மாதிரி விட்டுவிட்டு வந்துவிட்டாள். மிச்சம் இருந்தது இந்தப் பகல் தூக்கம். வாஷிங் மெஷின் ஓட ஆரம்பித்தால் குழந்தை தூங்கும். குழந்தை தூங்கினால் இவள் தூங்குவாள். மெஷின் நின்றதும் ரெண்டு பேரும் எழுந்துகொள்வார்கள். இவ்வளவுதான் ஏற்பாடு. வீட்டில் எனக்கு மட்டும் இது தெரியாது.

நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். இதைக் கேட்டதுமே உங்களுக்குப் பாதிக் கதை புரிந்திருக்கும். எனக்குப் புரியத்தான் நாளாயிற்று.

அவளும் எங்கள் கம்பெனியில்தான் இருந்தாள், புகார் வாங்குகிற போனில். "ஏதோ சத்தம் வருதுங்க" என்று கஸ்டமர் இழுத்தால், "போனைக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல வைங்க" என்பாள். கேட்டுவிட்டு எனக்குப் போன் போட்டு, "பெல்ட் எடுத்துட்டுப் போங்க, மோட்டாரைக் கழட்டி வீணா மெனக்கெடாதீங்க" என்பாள். நான் வீம்புக்கு மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பெல்ட்டைத்தான் மாற்றுவேன். இப்படித் தினமும் தோற்றுப்போகிறவனுக்கு அவளைக் கல்யாணம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

குழந்தை பிறந்தபின் அந்தக் காது முழுநேரமும் ஒரே கஸ்டமருக்கு ஒதுக்கப்பட்டது. எனக்குக் குழந்தையின் அழுகை எல்லாமே ஒரே அழுகைதான்: சத்தமான அழுகை. அவளுக்கு அப்படி இல்லை. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது பசி இல்லங்க, ஏப்பம் மாட்டிக்கிச்சு, தோள்ல போடுங்க" என்பாள். போட்டால் ஏப்பம் வரும். "சும்மா வம்புக்கு அழறா, விளக்கைப் பாத்துட்டிருந்தா, நீங்க குறுக்க நிக்கிறீங்க, நகருங்க" என்பாள். நகர்ந்தால் அழுகை நிற்கும். ஒரு மனிதன் தன் சொந்த மகளின் பார்வையை மறைக்கிற தூணாக இருப்பதில் உள்ள வருத்தத்தை நான் யாரிடம் சொல்ல? நாங்கள் குழந்தையை முதலாளியம்மா என்று கூப்பிடுகிறோம். அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது.

எங்கள் வீட்டு மெஷின் ஒரு கஸ்டமர் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. மேலே மூடி திறக்கிற பழைய ரகம். பேரிங் தேய்ந்துபோய், துணி பிழியும்போது விமானம் கிளம்புவது போல உறுமும். தொட்டியைத் தாங்குகிற ராடுகள் தளர்ந்து, டொம் டொம் என்று பக்கத்துத் தகட்டில் இடிக்கும். 'நாளைக்குச் சரி பண்ணிவிடலாம்' என்றுதான் கொண்டுவந்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை.

வரவழைத்தது கீழ்வீட்டு அக்கா. அவர் டெய்லர். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்தார்.

"தம்பி, மேல மாவு மில்லு ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா, வாஷிங் மெஷின்."

"உங்க வீட்டு மெஷினா? நீங்க அதை ரிப்பேர் பண்றவர்னு இல்ல சொன்னாங்க? ரிப்பேர் ஆக்குறவர்னு யாரும் சொல்லலையே!"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே, மனைவி குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தன் அக்காவோடு கிளம்பிப் போனதும், ஒரு நாள் லீவைப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். தொட்டியை வெளியே எடுத்து, புதுப் பேரிங் போட்டு, நாலு ராடையும் மாற்றி, ரசமட்டம் வைத்து நாலு காலையும் லெவல் பண்ணினேன். அதோடு விட்டேனா? கால் நட்டுகளில் பசை போட்டு இறுக்கினேன். கழற்றிய பழைய பேரிங்கும் ராடும் தெருவில் வந்த பழைய இரும்புக்காரரின் வண்டியில் போய்விட்டன. ஒரு கஸ்டமருக்குக்கூட அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததில்லை. காசு வாங்காத வேலை என்பதால் கை தானாகவே நன்றாக ஓடியது போலிருக்கிறது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் அக்கா வாசலோடு போய்விட்டார். ஊசி போட்ட கோபத்தில் முதலாளியம்மா முகம் சிவந்திருந்தாள். மனைவி சக்கரம் வைத்த தொட்டிலை அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற நடைக்குத் தள்ளிக்கொண்டு போய், மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். துணியைப் போட்டாள், பட்டனைத் தட்டினாள், மடித்த போர்வையைத் தரையில் விரித்துப் படுத்துக் கண்ணை மூடினாள். இந்த ஒத்திகை பார்த்த ஒழுங்கு எனக்கு அப்போதே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நானோ பரிசு வாங்கப்போகிறவன் மாதிரி கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

மெஷின் ஓடியது. ஒரு சத்தமும் இல்லை.

மனைவி ஒரு கண்ணைத் திறந்தாள். "கரன்ட் போயிடுச்சா?"

"ஓடுது," என்றேன். "கை வச்சுப் பாரேன்."

வைத்துப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். "என்ன பண்ணீங்க?"

"பேரிங் புதுசு, ராடு புதுசு. கால் நாலும் லாக். இனிமே யானை வந்து முட்டினாலும் அசையாது."

தொட்டிலிலிருந்து முதல் அழுகை வந்தது. அது எந்த ரகம் என்று அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

"அவ அந்தச் சத்தத்துலதாங்க தூங்குவா," என்றாள் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. "அவ தூங்கினாத்தான் நான்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ரிப்பேர் பண்ணிடுவீங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பழைய இரும்புக்காரரைத் தேடிப் போனேன். மலை மாதிரி குவித்து வைத்திருந்த இரும்பைக் காட்டி, "எடுத்துக்குங்க சார், எது உங்களுதோ" என்றார். எல்லாமே என்னுடையது போலவும் இருந்தது, எதுவுமே இல்லை போலவும் இருந்தது.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. கஸ்டமர்கள் தங்கள் மெஷின் போடுகிற சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்புவார்கள். என் போன் முழுக்க ஊரில் உள்ள கெட்டுப்போன மெஷின்கள்தான். அவற்றைத் தொட்டில் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒரு கீச்சுச் சத்தத்துக்கு முதலாளியம்மா வீறிட்டாள். ஒரு உறுமலுக்கு அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'இதுதான் உன்னால் முடிந்ததா?' என்கிற பார்வை. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இன்னொரு பதிவின் கடைசியில் கஸ்டமர், "இன்னும் வரலையே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று கேட்டார். அந்த நேரத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

நாட்கள் போகப் போக மனைவி மெல்லக் கரைந்துகொண்டே வந்தாள். எனக்கு டீ கொடுக்கும் முன் டம்ளரைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தாள். நான் வேலையில் இருக்கும்போது போன் செய்து, "நனைஞ்சிருக்கா, தொட்டுப் பாத்தீங்களா?" என்றாள். யாரிடம் பேசுகிறோம் என்ற நினைவே இல்லை. நானும் ஒரு வக்கீல் வீட்டுக் குளியலறையில் நின்றபடி அனிச்சையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் சோப்புப் பவுடர் தீர்ந்துவிட்டது என்று விசும்பி அழுதாள். டப்பா நிறைய இருந்தது. மூடியைத் திறந்து காட்டினேன். "தெரியும்," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

இத்தனைக்கும் நடுவே குழந்தையின் விஷயத்தில் ஒரு பிசகும் இல்லை. தன் பெயரைக் கேட்டால் யோசித்துச் சொல்கிற நிலையில் இருந்தவள், பக்கத்து அறையில் ஒரு முனகல் கேட்டதும், "இடது காதை அழுத்திப் படுத்திருக்கா, திருப்பி விடுங்க" என்பாள். போய்ப் பார்ப்பேன். இடது காதுதான்.

கீழ்வீட்டு அக்கா மறுபடியும் படிக்கட்டில் பிடித்தார். "தம்பி, அந்த மில்லே தேவலாம்ப்பா. பாவம் அந்தப் பொண்ணு, நாள் பூரா தூக்கிட்டு நடக்குது. தலைக்கு மேல காலடி கேட்டுக்கிட்டே இருக்கு."

அடுத்த லீவு நாளில் காலை டிபனுக்கு முன்னால் மனைவி என் எதிரில் வந்து நின்றாள். தோளில் முதலாளியம்மா, வழக்கமான கச்சேரி.

"ஏங்க, வேலை முடிச்சுக் கிளம்புறப்ப கஸ்டமருங்களுக்கு ஒரு பிரசங்கம் பண்ணுவீங்களே? மெஷினை இப்படி வைக்காதீங்க, அப்படிச் செய்யாதீங்கன்னு. அதைச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கல்யாணமானதிலிருந்து என் பிரசங்கத்தை அவள் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மெஷின் நாலு காலும் சமமா ஊனி நிக்கணும். ஒரு கால் தூக்கி இருந்தாலும் போச்சு, ஆட ஆரம்பிச்சிடும்."

"அப்ப ஒரு காலைத் தூக்குங்க."

"ஏய்…"

"தூக்குங்கன்னேன். அடுத்தது?"

"கனமான துணி ஒண்ணே ஒண்ணைத் தனியா போட்டுப் பிழியவே கூடாது. ஒரே பக்கமா ஒதுங்கிக்கும். தொட்டி போய்ப் போய்த் தகட்டுல இடிக்கும்."

"எப்படி இடிக்கும்?"

"டொம்… டொம்… டொம்னு."

அழுகை நின்றது. முதலாளியம்மா தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். புகார் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை இடுக்குவாளே, அதே பார்வை. என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். நான் இன்னும் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

"அவளுக்கு விமான உறுமல் வேண்டாம்ங்க. இதுதான் வேணும். இந்த இடி. வேற என்ன செய்யக் கூடாது?"

"அதிர்ற மெஷினை எது மேலயும் ஒட்டி வைக்கக் கூடாது. அதிர்வு அதுக்கும் போயிடும்."

"தொட்டிலை ஒட்டி வச்சா?"

என் சர்வீஸில் யாரும் கேட்காத கேள்வி அது.

காலைத் தூக்கத்தான் பெரும்பாடு பட்டேன். யானைக்கு என்று நான் போட்ட பசை எனக்கும் அசைந்து கொடுக்கவில்லை. சூடு காட்டி, ஸ்பேனரில் தொங்கி, ஒருவழியாக முன்கால் ஒன்றைத் திருகி ஏற்றினேன். மனைவி குளியல் துண்டை நனைத்துப் போட்டு, பிழிகிற பட்டனை மட்டும் தட்டினாள். இது பழைய மெஷின். பாரம் ஒருபக்கம் சாய்ந்தால் தானாக நின்றுகொள்கிற புத்தியெல்லாம் இதற்குக் கிடையாது. சாமி வந்ததுபோல் ஆடிக்கொண்டு நடையை விட்டு வெளியே கிளம்பிவிட்டது.

"இது லாரி," என்றாள். நிறுத்தினாள். முகம் துடைக்கிற துண்டைப் போட்டாள். "இது பூனை." அதையும் எடுத்தாள். ஓரத்தில் கிடந்த என் யூனிஃபார்ம் பேன்ட்டைத் தூக்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்து, நனைத்து உள்ளே விட்டாள்.

டொம்… டொம்… டொம்…

நிதானமான, குண்டான சத்தம். தகட்டோடு ஒட்டியிருந்த தொட்டில் மெல்ல அதிர்ந்தது. முதலாளியம்மா ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். கை முஷ்டி தளர்ந்து விரிந்தது. நான் திரும்பி, "இதயத் துடிப்பு மாதிரி இருக்குல்ல?" என்று மனைவியிடம் ஏதோ நானே கண்டுபிடித்ததுபோலச் சொல்ல வாயெடுத்தேன். கேட்க ஆள் இல்லை. போர்வையில் ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தாள். தலைமுடியில் ஒரு துணிக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள மெஷின்களை எல்லாம் சரிசெய்கிறவன் நான். கெட்டுப்போன ஒன்றைக் கொண்டு ரெண்டு பேரைத் தூங்க வைத்தவள் அவள். எது பெரிய வேலை என்று என்னைக் கேட்காதீர்கள்.

எனக்கும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. தூக்கிய காலால் மெஷின் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அது தொட்டிலை விட்டுப் போய்விடாமல் ரெண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "தம்பி! மில்லைத் திறந்துட்டீங்க போல…" என்று வந்த கீழ்வீட்டு அக்கா, மெஷினைத் தழுவியபடி நிற்கிற என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். எட்டித் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா?" என்றார் உதட்டசைவில்.

தலையாட்டினேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடையில் இறங்கிப் போனார்.

பிழிகிற நேரம் முடிந்து மெஷின் நின்றது. மறுபடி பட்டனைத் தட்டினேன். ஆனால் அது முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று தேடிக் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அந்த மௌனத்தில் தொட்டிலில் ஒரு அசைவு. ஒரு முனகல். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. உள்ளங்கையால் தகட்டில் தட்டினேன். டொம், டொம், டொம்.

"வேகமா அடிக்கிறீங்க," என்றாள் மனைவி. கண் மூடியேதான் இருந்தது.

மெதுவாக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்… ம். அப்படியே."

அப்படியே தட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் எப்போது தானாக இடிக்க ஆரம்பித்தது என்று நான் கவனிக்கவே இல்லை.