ரங்கூன் கோட்டு

1995இல் கல்யாணமாகி மண்டகப்பட்டு வீட்டுக்குள் வலது காலை வைத்து நுழைந்த கலைப்பிரியாவை, முதலில் ஒரு கோட்டு போட்ட மனிதரின் படத்துக்கு முன்னால்தான் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். சாமி மாடத்துக்குப் போனது அதற்குப் பிறகு.

ஆளுயரத்தில் பாதி இருக்கும் படம். எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. நடுவகிடு எடுத்த சுருள் முடி, அடர்ந்த மீசை, கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை. நெற்றியில் மட்டும் பளிச்சென்று திருமண்.

"எங்கப்பாம்மா, அரங்கநாதன்" என்றார் மாமனார் அப்பாதுரை. "ரங்கூன்ல இருந்தவரு. நல்லா கும்புட்டுக்கோ."

ரங்கூனின் கதையை அந்த வீட்டுக்கு வருகிற எவரும் கேட்காமல் தப்பிக்க முடியாது. அப்பாதுரை வயிற்றில் இருக்கும்போதே அரங்கநாதன் கப்பலேறிப் போய்விட்டார். அங்கே ஒரு அரிசி மில்லில் வேலை. பிள்ளை பிறந்த சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் திரும்பி வரவில்லை. காலராவில் போய்விட்டார் என்று சொல்லி, விழுப்புரத்துக்காரர் ஒருவர் அவருடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியில் இரண்டு வேட்டியும் ஒரு சீப்பும் துணி மடிப்புக்குள் பச்சை நிறத்தில் ஒரு சின்னத் தாளும் இருந்தன. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்தத் தாளின் நடுவில் மீசைக்காரர் ஒருவரின் படம். ஓரத்து எழுத்தெல்லாம் நைந்து போயிருந்தது. அப்பாதுரைக்கு அப்போது விவரம் தெரியத் தொடங்கிய வயது. அதுவரை அப்பா என்பது அவருக்கு வெறும் பேச்சுதான். அந்தத் தாளில்தான் அவருக்கு அப்பாவின் முகம் கிடைத்தது.

பெரியவராகி, மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், நல்ல விளைச்சல் கண்ட வருடம், அந்தத் தாளை விழுப்புரத்தில் ஒரு ஓவியரிடம் கொடுத்துப் பெரிதாக வரைந்து வாங்கினார். வெளுப்பாக இருந்த முகத்தை மாநிறமாக்கியதும் திருமண் சாத்தியதும் ஓவியரின் கைங்கரியம். ரங்கூன் கோட்டு என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கடல் தாண்டிப் போனால் ஆளே மாறிவிடுவான் என்று பழைய ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கலைப்பிரியாவுக்கு மாமனாரை மிகவும் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போகலாமா என்று உறவுக்காரர் ஒருவர் இழுத்தபோது, "டீச்சர் வேலைக்குப் படிச்ச பொண்ண அடுப்படியில உக்கார வச்சிட்டு, நீ போய் பாடம் நடத்தப் போறியா?" என்று கேட்டு வாயை அடைத்தவர் அவர். அவளும் கணவன் சுகுமாரும் திண்டிவனத்தில் குடியிருந்தார்கள். சுகுமாருக்கு டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. அவளுக்கு ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் பாடம்.

1998இல் அந்தப் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். தினமும் நாம் கையில் எடுக்கிற பொருள்களை யார் கண்டுபிடித்தார்கள் என்பது கலைப்பிரியாவின் வகுப்புக்குக் கொடுத்த தலைப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் படத்தாள்கள் வாங்கி வந்தாள். ஒவ்வொரு தாளிலும் வரிசை வரிசையாக முகங்கள். பழைய காலத்து அச்சுப் படங்கள், கறுப்புக் கோடுகளால் ஆனவை. தீக்குச்சி செய்த ஜான் வாக்கர், ஊக்கு செய்த வால்டர் ஹன்ட், பந்துமுனைப் பேனா செய்த பிரோ. வீட்டில் உட்கார்ந்து கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தவள், ஒரு முகத்தைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

நடுவகிடு, சுருள் முடி, மீசை, கோட்டு, டை. திருமண் ஒன்றுதான் இல்லை.

"என்னாங்க, இங்க வாங்களேன்."

சுகுமார் வந்து பார்த்தான். "அட, நம்ம தாத்தா!" என்றான். பிறகு கீழே இருந்த பெயரைப் படித்தான். கிங் கேம்ப் ஜில்லெட். பிளேடைக் கழற்றி மாட்டும் சவரக் கத்தியைக் கண்டுபிடித்தவர். அந்தக் காலத்து பிளேடு உறையிலெல்லாம் அவர் படத்தைத்தான் அச்சடித்தார்கள் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

சுகுமாருக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "பிளேடு உறைக்கா நாங்க வருசா வருசம் படையல் போட்டுக்கினு இருக்கோம்?" என்றவன், சட்டென்று அடங்கிப்போனான்.

"பிரியா, இத அப்பாகிட்ட சொல்லிடாத. அவரு தாங்க மாட்டாரு."

"நான் ஏங்க சொல்றேன்?"

"எக்ஸிபிஷனுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரே?"

கடைசியில் அந்த ஒரு படத்தை மட்டும் ஒட்டாமல் விட்டாள். அட்டையில் சவரக் கத்தி என்ற எழுத்தும், அதற்கு மேலே வெறும் கட்டமும் இருந்தன.

கண்காட்சியன்று அப்பாதுரை வெள்ளை வேட்டி கட்டி, முகத்தை மழமழவென்று சிரைத்துக்கொண்டு வந்தார். மருமகளின் வேலை என்பதால் ஒன்றையும் விடாமல் நின்று பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் அவளிடமே விளக்கம் கேட்டார். ஊக்கு செய்தவரிடம் வந்தபோது, "இவருக்கு நம்ம ஊரு பொம்பளைங்க எல்லாம் சேந்து பொங்க வைக்கலாம்மா. உங்க அத்த தாலியில மட்டும் எத்தினி தொங்குது பாத்தியா?" என்றார். பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள்.

பிறகு அந்த வெறும் கட்டத்துக்கு முன்னால் நின்றார்.

"இந்த ஆளு எங்கம்மா?"

"படம் கெடைக்கல மாமா" என்றாள் கலைப்பிரியா. சொல்லும்போதே காது சுட்டது.

"அடடா. மத்தவங்க எல்லாம் இருக்கும்போது இவரு மட்டும் இல்லன்னா பாக்க நல்லா இல்லியே. மார்க்க கொறைச்சிட மாட்டாங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. வாங்க, டீ குடிக்கலாம்."

"நீ இரு. வேலையப் பாரு."

அவள் ஒரு பெற்றோருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவரைக் காணவில்லை. பம்ப் ஸ்டவ் இருந்த மேசைப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்தாள். வெகுநேரம் ஆகியும் வராததால் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். வெயிலில், கையில் சுருட்டிய தாளோடு அப்பாதுரை வந்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய் வந்திருக்கிறார். காலையில் வந்தபோது இருந்த விறுவிறுப்பு அந்த நடையில் இல்லை.

தாளை அவளிடம் நீட்டினார். "கெடைச்சிதும்மா. ஒட்டிடு."

"மாமா..."

"ஒட்டும்மா. ஜனங்க வந்துக்கினு இருக்காங்க."

அவள் வெட்டி ஒட்டினாள். அவசரத்தில் படம் கொஞ்சம் கோணலாகிவிட்டது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாலை வரை அங்கேயே இருந்தார். கொடுத்த டீயைக் குடித்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

அன்று அவரை ஊருக்கு அனுப்பாமல் திண்டிவனத்து வீட்டிலேயே தங்கவைத்தார்கள். மறுநாள் காலையில் கிணற்றடியில் கண்ணாடியை மாட்டி, முகத்தில் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தார். காபியோடு போன கலைப்பிரியா டம்ளரைத் துவைகல்லில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீ மறைக்கப் பாத்தது எனக்குத் தெரியும்மா" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"மன்னிச்சிடுங்க மாமா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இன்னா மன்னிப்பு? எனக்கு மனசு நோவக்கூடாதுன்னுதான செஞ்ச?" நுரையோடேயே அவள் பக்கம் திரும்பினார். "ராத்திரி பூரா நான் அந்த தொரைய நெனைக்கவே இல்ல. எங்கம்மாவத்தான் நெனைச்சிக்கினு இருந்தேன்."

பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். சவரம் செய்ய மறந்துவிட்டார் போலிருந்தது.

"அந்தத் தாள எடுத்துக்கினு நான்தான் ஓடுனேன். எங்கம்மா களத்துமேட்டுல கேப்ப பொடச்சிக்கினு இருந்துச்சி. 'இதாம்மா எங்கப்பாவா?'ன்னு கேட்டேன். வாங்கிப் பாத்துச்சி. ரொம்ப நேரம் பாத்துச்சி. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துச்சி. 'ஆமாண்டா கண்ணு, இவருதான் உங்கப்பா'ன்னு சொல்லி அழுதுச்சி. புருசன நெனைச்சி அழுவுதுன்னு இத்தினி வருசமா நெனைச்சிக்கினு இருந்தேன்."

"பாட்டிக்குத் தெரிஞ்சிருக்குமா மாமா?"

"தெரியாம? கூட வாழ்ந்தது கொஞ்ச நாள்தான். அதுக்காவ புருசன் மூஞ்சி மறந்துடுமா? எவன் படம்னு அதுக்குத் தெரியாது. ஆனா எங்கப்பா இல்லன்னு தெரியும். அது தெரிஞ்சும் சாவுற வரைக்கும் தெனம் பூ வச்சிது. எனக்காவ." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நுரை முழுக்கத் துண்டில் ஒட்டிக்கொண்டது.

கலைப்பிரியா அவர் தோளைத் தொட்டாள். மாமனாரைத் தொடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவர் விலகவில்லை.

ஊருக்குப் போய் மனைவி பாஞ்சாலியிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். பாஞ்சாலி அசரவே இல்லை. "எனக்கு வந்த நாள்லயே சந்தேகந்தான். உங்க காது மொறம் மாதிரி இருக்குது, அவரு காது எலிக்காது. எந்தப் பக்கத்துல சேத்தி? புது மருமவ, எதுக்கு வாயத் தொறக்கணும்னு உட்டுட்டேன்."

"இத்தினி வருசத்துல ஒரு வார்த்த சொல்லலாம் இல்ல?"

"சொல்லி? ஊட்டுல இருந்த மாமனாரையும் தொலைக்கவா?"

படத்தைக் கழற்றிவிடலாமா என்று சுகுமார் மெதுவாகக் கேட்டபோது, அப்பாதுரைக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்கம்மா எனக்குக் காட்டுன அப்பாடா அவரு. நான் பரிச்ச எழுதப் போவும்போது அவரைக் கும்புட்டுட்டுப் போனேன். உனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவருகிட்டதான் வேண்டிக்கினேன். எந்த ஊருக்காரரா இருந்தா இன்னா? இருக்கட்டும்."

ஆனாலும் அவர் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தில் இருப்பவர் அப்பா இல்லையென்றால், நிஜமான அரங்கநாதனுக்கு இந்த வீட்டில் ஒரு இடமும் இல்லை. ரங்கூனில் தனியாகச் செத்த மனிதர். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பாதுரை திண்டிவனம் வந்தார். "பிரியா, லீவு போட முடியுமா? விழுப்புரம் போவணும். நீ கூட இருந்தா நல்லாருக்கும்" என்றார். கையில் மஞ்சள் பை. பைக்குள் அவருடைய கல்யாண போட்டோ. அதில்தான் அவருடைய அம்மா ருக்குமணி, வாழ்க்கையிலேயே ஒரே ஒரு முறை, கேமராவைப் பார்த்து நின்றிருந்தாள்.

விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஸ்டுடியோ. பழைய ஓவியர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகன் சீனுவாசன், போட்டோவும் எடுப்பார், படமும் வரைவார். அப்பாதுரை விஷயத்தை மறைக்காமல் சொன்னார். சீனுவாசன் தலையைச் சொறிந்தார்.

"எங்கப்பா தொரைக்குத் திருமண் போட்டுட்டாரே! அது சரிங்க, இப்ப நான் எதப் பாத்து வரையறது?"

"என்னப் பாத்து வரை."

"உங்களையா?"

"என் மூஞ்சியில எங்கம்மாவோடது போவ மீதி யாருது? எங்கப்பாவோடதுதான? இந்தா எங்கம்மா போட்டோ. அதுல இருக்கறத எல்லாம் என்கிட்ட இருந்து கழிச்சிடு."

சீனுவாசன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தார். கலைப்பிரியா போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு மாமனாரின் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவரை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

"கண்ணு அம்மாவோடது" என்றாள். "மோவாயும் அவங்களோடதுதான். மூக்கு இல்ல."

"காது?"

"காது நிச்சயமா அவங்களோடது இல்ல மாமா."

"அப்ப எங்கப்பாவோடது" என்று அப்பாதுரை தன் காதைத் தடவிக்கொண்டார். அந்தப் பெரிய காதுகளை வைத்து அவரைக் கேலி செய்யாதவர்கள் ஊரில் கிடையாது. முதல் முறையாக அவற்றைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார். "நெத்தி? நெத்தியப் பாரும்மா."

நெற்றி, மூக்கு, காது, சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் விழுகிற குழி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சீனுவாசன் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கண்ணுக்கு என்ன செய்வது என்று திகைத்தபோது, "சுகுமாரோடத வைங்க. அது மாமாவோட கண்ணு மாதிரியும் இல்ல, எங்க அத்தையோடது மாதிரியும் இல்ல" என்றாள் கலைப்பிரியா. பிறகு சுகுமாரை ஒரு நாள் அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள். வயதைக் குறைத்து, இருபத்தைந்து வயது ஆளாக வரையச் சொன்னார் அப்பாதுரை. அப்பா கப்பலேறிய வயது அது. என்ன உடுப்பு போடுவது என்று கேட்டதற்கு, "வேட்டி. மேல துண்டு. கோட்டெல்லாம் வேணாம். மில்லுல மூட்ட தூக்குனவருக்கு ஏது கோட்டு?" என்றார்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் படம் வந்தது. உறையைப் பிரித்ததும் பாஞ்சாலி "அய்ய, காதப் பாரு!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாதுரை, தன் மகன் வயதில், தன்னைவிடச் சின்னவராக இருந்த அப்பாவின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். "சின்னப் பையன்மா" என்றார் கலைப்பிரியாவிடம். "இந்த வயசுல கடலத் தாண்டிப் போயிருக்காரு. பாவம்."

கோட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்தார்கள். சுவர் மட்டம் சரியாக இல்லாததால் புதுப்படம் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. மறுநாள் இரண்டு இலை போட்டுப் படைத்தார்கள். வாழைக்காய்ப் பொரியலும் வடையும் பாயசமும் இருந்தன. புது இலைக்கு ஒரு வடை அதிகமாக வைத்தார் அப்பாதுரை.

"அவருக்கு மட்டும் இன்னா கூட?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

"கோட்டுக்காரரு இத்தினி வருசமா சாப்ட்டாரு. எங்கப்பாவுக்கு இதுதான் மொதத் தடவ" என்றார் அப்பாதுரை.

கொல்லையில் காக்கைக்குச் சோறு வைக்க சுகுமார் போனான். கலைப்பிரியா எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறத் தொடங்கினாள். அப்பாதுரை சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டி உட்காராமல், இரண்டு படங்களையும் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.