இறங்குவதற்கு எதற்கு நூறு

மணி ஒன்பதேகால். ஸ்கூட்டரின் திரையில் இருபத்திரண்டு சதவீதம். அரை மணி நேரமாக அதே இருபத்திரண்டு.

ஒச்சப்பன் தகரக் கூரையில் ஏறி நான்கு சோலார் பலகைகளையும் மறுபடி துடைத்தான். துடைத்த கை ஓய்வதற்குள் மூடுபனி வந்து படிந்தது. போடிமெட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குள் இருக்கும் அந்த வீட்டுக்குக் கரண்டுக் கம்பி கிடையாது. எட்டு வருடம் மனு எழுதி அலுத்துப்போய்தான் பலகை மாட்டினான். போன மாதம் இந்த மின்சார ஸ்கூட்டர். வெயில் அடித்தால் மதியத்துக்குள் நூறு ஏறிவிடும்.

உள்ளே இன்வெர்ட்டர் கத்தி நின்றது. இறங்கி ஓடிப்போய் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு மறுபடி சார்ஜரைப் போட்டான்.

அவன் மனைவி சந்திரவல்லி சான்றிதழ் கவரோடு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்குப் போடியில் அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவன் சொன்னதை நம்பி எட்டு மணி பஸ்ஸை விட்டிருந்தாள்.

"மாமா, இறங்கத்தான போறோம். இருக்கிறத வச்சுப் போவோம்."

"நூறு இல்லாம நான் வண்டிய எடுத்ததே இல்ல. பாதி வழில நின்னுட்டா நீ தள்ளுவியா?"

"இந்த இறக்கத்துல கல்ல உருட்டி விட்டாக்கூட போடி போய்ச் சேந்துரும்."

மேலே ரோட்டில் சின்ராசுவின் ஜீப்பு, தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறியது. வாங்கிய முதல் வாரம் ஏற்றத்தில் நின்றுபோன ஸ்கூட்டரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது அந்த ஜீப்புதான். சின்ராசு வெளியே தலையை நீட்டினான்.

"என்ன மாப்ளே, சூரியனக் கூட்டியார ஆள் விட்ருக்கியா?"

ஜீப்பே சிரித்தது. ஒச்சப்பன் மறுபடி கூரையைப் பார்த்தான்.

சந்திரவல்லி எழுந்தாள். சார்ஜரைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, சீட்டுக்கு அடியில் போட்டாள்.

"வர்றீகளா, நானே ஓட்டிட்டுப் போகவா?"

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். அவன் சாவியை எடுத்தான்.

வளைவுக்கு வளைவு திரையைப் பார்த்தான். இருபத்திரண்டு. ஆறாவது வளைவில் இருபத்திமூன்று. கோளாறு என்று நினைத்தான். தினமும் இந்த இடத்தில் மூக்கில் ஏறும் பிரேக் கருகல் வாடை இன்று இல்லை. ஆக்சிலரேட்டர் முறுக்கை விட்டால் உள்ளிருந்து ஏதோ வண்டியைப் பிடித்து நிறுத்தியது. அடிவாரத்தில், முந்தலில், இருபத்தாறு.

இறக்கத்தில் வண்டி தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று ஷோரூம்காரன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாளும் நூறோடு இறங்கினால் எங்கே ஏற்றும்?

பத்து ஐம்பதுக்கு அலுவலக வாசலில் விட்டான். வருகைப் பதிவுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இனி ஏறவேண்டும். சமதரையில் ஓடியதில் மிஞ்சிய இருபதை வைத்துக்கொண்டு பாதி மலைகூடத் தாண்டாது. எதிரே டீக்கடை, சுவரில் ஒரு பிளக். எட்டு வருடம் மனு எழுதியும் அவன் வீட்டுக்கு வராத அதே கரண்டு. தெருவில் இரண்டு தடவை அங்கும் இங்கும் நடந்தான். பிறகு சீட்டைத் திறந்து சார்ஜரை எடுத்தான்.

"அண்ணே, கொஞ்சம் கரண்டு கிடைக்குமா?"