வலது ஓரம்

பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். பெரியவள் செல்போனைப் படுக்கவைத்துப் பிடித்து, தான் எடிட் செய்த படத்தைத் தானே ரசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில், திரையின் வலது ஓரத்தில் தங்கையின் முகம் வந்தது. வந்து, குனிந்து, எதையோ பார்த்துச் சிரித்து, போய்விட்டது. மூன்று வினாடிகூட இருக்காது. விரலால் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் வந்தது. புருவத்தில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது.

அந்த முகம் ஒருவன் கண்ணில் படக்கூடாது. அவன் வேறு யாருமில்லை, சின்னவளின் புருஷன்தான். எட்டு மாதத்துக்கு முன்னால், அவன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மகளை ஒரு கையிலும் அவள் பள்ளிக்கூடப் பையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு சின்னவள் வீட்டைவிட்டு வந்தாள். மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. அவளைக் கொண்டுபோய் நகரத்தின் மறுகோடியில் இருந்த பேக்கரிப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். ஊர் ஊராகத் தேடுவானே தவிர மூக்குக்குக் கீழே தேடமாட்டான் என்று கணக்குப் போட்டாள். அங்கே நிர்வாகம் பார்க்கிற மேனேஜரம்மா, விஷயம் தெரிந்தே, மாடியில் ஓர் அறை கொடுத்தார். மாவு பிசையப் போனவள் இப்போது பதினைந்து பெண்களுக்கு கேக் மேல் பூ வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். மகள் குட்டி இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளியில் மூன்றாம் வகுப்பு. போன மாதம்தான் அந்தக் குழந்தை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தது.

பயிற்சி நிலையத்துக்கு ஐந்து நிமிடம் ஓடுகிற ஒரு படம் வேண்டும் என்று மேனேஜரம்மா கேட்டபோது பெரியவள் யோசித்தாள். வேறு யாராவது எடிட் செய்தால் தங்கை முகத்தை யார் மறைப்பார்கள்? நாமே செய்துவிடுவதுதான் நல்லது என்று வாங்கிக்கொண்டாள். சின்னவள் அன்றைக்கே போனில் கேட்டாள்.

"அக்கா, என் மூஞ்சி வராதுல்ல?"

"நான்தானடி எடிட் பண்றேன். உன் மூக்கு நுனிகூட வராது, போ."

இப்படி வாக்குக் கொடுத்தவளும் அவளேதான்.

நடந்தது என்னவென்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அதுதான் பெரிய வேதனை. படமெல்லாம் அங்கே பயிலும் பெண்கள் செல்போனில் எடுத்தது. போனைப் படுக்கவைத்து எடுங்கம்மா என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் உலகத்தில் ஒருத்தரும் கேட்பதில்லை; எல்லாம் நெட்டுக்குத்தலாகத்தான் வரும். அகலமான திரையில் அதை வைத்தால் நடுவில் ஒரு தூண் மாதிரி படம் நிற்கும், இரண்டு பக்கமும் கருப்பாகக் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியை நிரப்ப இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. அதே படத்தை இன்னொரு பிரதி எடுத்து, அடியில் போட்டு, திரை நிறையும்வரை பெரிதாக்கி, நன்றாக மங்கலாக்கிவிடுவார்கள். இரண்டு ஓரத்திலும் நிறம் மட்டும் மிதக்கும். பெரியவள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். முப்பத்தாறு துண்டுக்கும் முதல்நாளே பிரதி போட்டுவிட்டாள். மறுநாள்தான் உட்கார்ந்து, மேலே இருந்த படத்தில் சின்னவள் வருகிற இடங்களிலெல்லாம் அவள் தலை அசைய அசையக் கூடவே போகிற மாதிரி முகத்தை மறைத்தாள். மேலே இருந்ததில் மட்டும். அடியில் கிடந்த பிரதி அப்படியே இருந்தது.

அப்போதுகூட ஒன்றும் குடி முழுகியிருக்காது, அது வெறும் நிறக்குழம்பாகத்தான் இருந்தது. போன வாரம் மேனேஜரம்மா பார்த்துவிட்டு, "எல்லாம் அருமையா இருக்கும்மா, ரெண்டு பக்கமும்தான் பனிமூட்டம் மாதிரி இருக்கு, கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடேன்" என்றார். பெரியவளும் சரி என்று, எல்லாப் பிரதியையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மங்கலை எண்பதிலிருந்து எட்டுக்குக் கொண்டுவந்தாள். ஓட்டியும் பார்த்தாள். ஆனால் ஓரத்தை யார் பார்க்கிறார்கள்? பதினோரு வருடமாக அவள் கண் நடுவில் பார்த்தே பழகிவிட்டது. நடுவில் இருந்த தங்கை முகம் கட்டைவிரல் நகம் அளவு. அதை மறைக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாள். ஓரத்தில் அதே முகம் மூன்று மடங்காக விரிந்து நின்றது. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

படம் காலை ஒன்பது மணிக்கே பயிற்சி நிலையத்தின் முகநூல் பக்கத்தில் ஏறியிருந்தது. கீழே மேனேஜரம்மா பாசத்தோடு எழுதியிருந்தார்: 'அழகாகத் தொகுத்துத் தந்த எங்கள் எடிட்டருக்கு நன்றி.' நன்றியோடு விட்டாரா? பெரியவளின் பெயரையும் 'டேக்' செய்து கோர்த்துவிட்டிருந்தார். பெயரைக் கோர்த்தால் அவளைத் தொடர்கிற எல்லோருக்கும் அது போய்ச்சேரும். அவளைத் தொடர்கிறவர்களில் அவனும் ஒருவன். அவனை விலக்கியிருக்கலாம், விலக்கினால் எதையோ ஒளிக்கிறோம் என்று தெரிந்துவிடுமே என்று விட்டுவைத்திருந்தாள். அவள் எதைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து விருப்பம் தெரிவிப்பது அவன் வழக்கம். கல்யாண வீடியோ, கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்கிற கட்டைவிரல்.

விருப்பம் போட்டவர்களின் பட்டியலைத் திறந்தாள். இருநூற்றுப் பதினான்கு பேர். மேலிருந்து தள்ளிக்கொண்டே போனாள். அடியிலிருந்து மூன்றாவதாக அவன் இருந்தான், காலையிலேயே போட்டிருந்தான்.

அவன் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் அக்கம்பக்கத்துக்காவது தெரிந்திருக்கும். தண்ணி கொடு என்று சொல்கிற அதே குரலில்தான் கொன்னுடுவேன் என்பதையும் சொல்வான் என்று சின்னவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். மணிக்கட்டை ஒடித்த அன்றைக்கு அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாத்திரை எத்தனை வேளை என்று டாக்டரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டானாம். போலீஸில் புகார் கொடுக்கப் போனால், "பாக்க நல்ல மனுஷனா இருக்காரேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். சின்னவள் வீட்டைவிட்டு வந்த மறுவாரம் அவன் பெரியவள் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எடிட் செய்கிற கம்ப்யூட்டரைப் பார்த்து, "இதுல யாரை வேணாலும் அழிச்சிடலாம் இல்ல அண்ணி?" என்று கேட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து அந்த அறையில் தனியாக உட்காரும்போதெல்லாம் அவள் கதவைத் தாழ்போட்டுக்கொள்வாள்.

மேனேஜரம்மாவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். சின்னவளின் போன் வகுப்பு நேரத்தில் அலமாரியில் இருக்கும், அடித்தும் பிரயோஜனமில்லை. ஏழாவது முறைதான் மேனேஜரம்மா எடுத்தார்.

"அம்மா, அந்த வீடியோவ உடனே எடுங்க. இப்பவே. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

"ஏம்மா, எவ்ளோ பேரு பாராட்டியிருக்காங்க தெரியுமா?"

"அவ மூஞ்சி தெரியுதும்மா! ஓரத்துல. பெருசா. அவன் பாத்துட்டான்."

"ஐயோ, கடைசில நம்ம விலாசமும் போட்டிருக்கோமே" என்றார். அதைப் பெரியவள் மறந்தே போயிருந்தாள். கடைசி ஐந்து வினாடி பெயர்ப்பலகை, தெரு, போன் நம்பர், எல்லாம் அழகாகப் பறந்துவந்து நிற்கிற மாதிரி அவள்தான் செய்திருந்தாள்.

"அவகிட்ட இப்போ சொல்லிடாதீங்கம்மா. பயத்துல எங்கயாவது கிளம்பிடுவா. நான் வந்து சொல்றேன்."

படம் காணாமல் போனபோது மணி ஒன்றரை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், இருந்தாலும் ஒரு மூச்சு விட்டாள். விருப்பம் போட்டால் பார்த்தான் என்று அர்த்தமா என்ன? அவன் எல்லாவற்றுக்கும்தான் போடுகிறான். ஓட்டிப் பார்க்காமலேகூடப் போட்டிருப்பான். தன்னிடமிருந்த பிரதியைப் போனில் போட்டு, போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தாள். நிமிர்த்திப் பிடித்தால் அகலப் படம் சின்னப் பட்டையாகச் சுருங்கிவிடும். ஓரத்து முகம் ஒரு பட்டாணி அளவுதான். யாரோ ஒரு பெண், வெள்ளைத் தொப்பி, அவ்வளவுதான். தெரியாது. கண்டிப்பாகத் தெரியாது. படுக்கவைத்தால்தான் தெரியும். சும்மா ஒரு பேக்கரி வீடியோவுக்கு எவன் மெனக்கெட்டு போனைப் படுக்கவைக்கப் போகிறான்? இப்படித் தன்னையே நாலைந்து முறை தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொண்டே செருப்பை மாட்டினாள். வீட்டைப் பூட்டி, ஓர் ஆட்டோவைப் பிடித்தாள்.

ஆட்டோவில் பாதி வழியில் போன் அதிர்ந்தது. அவன்தான். எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு படம் மட்டும். அகலப் படத்தின் வலது ஓரத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்திருந்தான். வெட்டியதில் அது நெட்டுக்குத்தலாக ஆகியிருந்தது. குனிந்த தலை, புருவத்தில் மாவு, சிரிப்பு. கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, தெளிவாக்கியும் இருந்தான். அவளே செய்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்க மாட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒரு வரி வந்தது.

'குட்டிக்கு எத்தனை மணிக்கு ஸ்கூல் விடும் அண்ணி?'

"அண்ணே, கொஞ்சம் வேகமா போங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டே மேனேஜரம்மாவுக்கு மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் முறுக்கினார்.

பயிற்சி நிலையத்தில் இறங்கியபோது இரண்டே முக்கால். சின்னவள் மேசைக்கு முன்னால் நின்று ஒரு பெண்ணின் கையைப் பிடித்து க்ரீம் பையை அழுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினாள். பெரியவள் சொல்ல ஆரம்பித்தாள். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. பிரதி, ஓரம், எட்டு, எண்பது என்று என்னவோ உளறினாள். கடைசியில் போனையே நீட்டிவிட்டாள்.

சின்னவள் படத்தைப் பார்த்தாள். அடியில் இருந்த வரியைப் பார்த்தாள்.

"என்னைத் திட்டிடுடி. எதுனாச்சும் சொல்லு."

"மூணு மணிக்கு பெல்லுக்கா" என்றாள் சின்னவள். அவ்வளவுதான். ஏப்ரனோடு, தொப்பியோடு, கையெல்லாம் க்ரீமோடு ஓடினாள். பெரியவள் பின்னால் ஓடினாள். தெருவில் போனவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பள்ளி வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிலர், குடையை விரித்துக்கொண்டு சிலர், வண்டியில் உட்கார்ந்தபடியே செல்போன் பார்க்கிற ஆண்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கேட் இன்னும் திறக்கவில்லை. சின்னவள் கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். மூச்சு இரைத்தது. ஒடிந்து ஒட்டிய மணிக்கட்டை மறுகையால் பிடித்திருந்தாள்.

"மறுபடி ஓட மாட்டேன்க்கா" என்றாள், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே. "பயமாத்தான் இருக்கு. ஆனா குட்டி இப்பதான் கதவைத் திறந்துவச்சுத் தூங்குறா."

பெரியவள் தங்கைக்குப் பக்கத்தில் போய், அவளைப் போலவே கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. பின்னால் கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. பிள்ளைகள் கூச்சலோடு வழிந்தார்கள். வாசலில் இருந்த அத்தனை பேரும் தங்கள் பிள்ளையைத் தேடி உள்ளே பார்த்தார்கள். அக்காளும் தங்கையும் மட்டும் உள்ளே பார்க்காமல், அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வண்டிக்காரர்களில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான், யாரோ ஒருவன். அடுத்தவன் இன்னும் கழற்றவில்லை.

"அம்மா! அம்மா, இங்க இருக்கேன்மா, இங்க!" என்று பின்னாலிருந்து குட்டியின் குரல் கேட்டது. சின்னவள் திரும்பவில்லை. முகத்தைத் தெருப்பக்கமே வைத்துக்கொண்டு, க்ரீம் காய்ந்த கையைப் பின்னால் நீட்டி, நெருக்கியடித்துக்கொண்டு வந்த தலைகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவித் தேடினாள்.